இளைப்பாறலும் இசையும்: பிறையன் ஈனோ பற்றி ஒரு நோக்கு

இசை மனிதனுக்கு இளைப்பாறுதல் தருகின்றது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், கேட்பவன் கவனியாது விட்டாலும் குற்றமில்லை, அறையிலுள்ள வெளிச்சத்தைப்போல அது ஒரு புறத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற நோக்குடனேயே ஒருவர் இசையமைக்கின்றார் என்றால், முற்போக்கு எண்ணமுடைய நண்பர்கள் முகஞ்சுழிப்பது இயல்பே. சொல் இல்லை, கதை இல்லை, கால் தட்டுவதற்கு ஒரு தாளமும் இல்லை. துயருறும் மனிதனின் குரலோ, எதிர்த்து நிற்கும் மனிதனின் குரலோ அங்கு கேட்பதில்லை. அப்படியாயின் அது உறக்க மருந்தன்றி வேறென்ன என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதுதான். ஆயினும், விடையை முன்னரே தீர்மானித்துக்கொண்டு வினவப்படும் வினா அது.

இவ்விடயத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. இரவிலே விழித்திருந்து பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் பலர் இத்தகைய இசையையே காதிற் பொருத்திக்கொள்கின்றனர். வேலை முடிந்து நெரிசல் பஸ்ஸிலே வீடு திரும்பும் எழுதுவினைஞரும் இதையே நாடுகின்றார். ஆசிரியர்களின் அறையிலே பேச்செழுந்தால், இளையவர்கள் இதற்கு வக்காலத்து வாங்குவதையும் மூத்தவர்கள் ஒரே சொல்லில் தள்ளிவிடுவதையும் காணலாம். தள்ளிவிடுவதற்கு முன், இவ்விசை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு செய்யப்படுகின்றது, எதனால் மனத்தைப் பற்றிக்கொள்கின்றது என்பவற்றையாவது நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அதற்கு ஏற்ற உதாரணம், 1978ஆம் ஆண்டில் இவ்வகைக்கு ‘அம்பியன்ட்’ எனப் பெயர் சூட்டிய ஆங்கிலேயர் பிறையன் ஈனோ. நாம் அதைச் ‘சூழல் இசை’ எனக் கொள்ளலாம்.

ஈனோ 1948இல் இங்கிலாந்தின் சஃபொக் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் தபாற்காரர். சங்கீதக் கல்லூரி எதனையும் அவர் மிதித்தவரல்லர். பயின்றது ஓவியக் கல்லூரிகளில். இசைக் குறியீட்டை வாசிக்கத் தெரியாதவர். தம்மை ‘இசைஞர் அல்லாதவர்’ என்று கூறிக்கொள்வதில் ஒருவகைப் பெருமிதமும் அவருக்கு உண்டு. 1971இல் ‘றொக்சி மியூசிக்’ என்ற குழுவிற் சேர்ந்து, 1973இல் அதைவிட்டு விலகினார். பின்னர் ஒலிநாடாப் பொறிகளையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் தனித்தே தம் வழியைத் தேடினார்.

அந்த வழி புலப்பட்ட கதை பலராலும் சொல்லப்படுவது. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் வீதியொன்றில் டக்சி ஒன்று மோதி, ஈனோ படுக்கையில் விழுந்தார். பார்க்கவந்த தோழி ஜூடி நைலன் பதினெட்டாம் நூற்றாண்டு யாழிசை அடங்கிய இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்தார். தோழி சென்றபின், வருந்தி எழுந்து தட்டைச் சுழலவிட்டுப் படுத்தபோதுதான் ஒலி மிகத் தாழ்ந்திருப்பதும், இரண்டு ஒலிவாய்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதும் ஈனோவுக்குத் தெரிந்தன. மறுபடி எழ வலுவில்லை. வெளியே மழை. மழையோசையின் நடுவே யாழின் சில சுரங்கள் மாத்திரம் தலைகாட்டி மறைந்தன. இசையைச் சூழலின் ஓர் உறுப்பாகக் கேட்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்ததாம்.

இது ஈனோ கூறிய கதை. ஜூடி நைலன் கூறுவதோ வேறு. அங்கு தற்செயல் எதுவும் இருக்கவில்லை. மழையின் ஓசைக்கும் தந்தியின் மெல்லொலிக்கும் இடையே சமன் காணும் முயற்சியைத் தாமே தொடங்கியதாகவும், படுத்திருந்தவர் அதைப் புரிந்துகொண்டு உதவியதாகவும் அவர் சொல்லியிருக்கின்றார். நோயாளிக்கு இதமாக ஒலியைச் சீர்செய்த பெண்ணொருத்தியின் கைவேலை, ஒரு மேதையின் மூளையில் நிகழ்ந்த மின்னலாக வரலாற்றிலே பதிவாகிவிட்டது. மேதைகளின் வரலாறுகள் இவ்வாறுதான் எழுதப்படுகின்றன! இசையை மதிப்பிடுவதற்கு இந்தத் தகராறு இன்றியமையாதது அன்று. எனினும், இவ்விசையின் மூலத்தில் இருப்பது பிணியுற்ற உடலும் அதைப் பேணிய கையும் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது.

அதே ஆண்டில் ‘டிஸ்கிறீட் மியூசிக்’ என்ற தட்டு வெளிவந்தது. முதற்பக்கம் முழுவதும் ஒரே ஆக்கம். ஏறக்குறைய 30 நிமிடங்கள். சிந்தசைசரில் எழுப்பிய இரண்டு சிறிய இசைத் துணுக்குகள் ஒரு ஒலிப்பதிவுப் பொறியில் நாடாவிற் பதிவாகும். அந்த நாடா சற்றுத் தொலைவில் உள்ள இன்னொரு பொறிக்கு ஓடும். அங்கு ஒலிப்பது மீண்டும் முதற்பொறிக்கு வந்து, புதிய ஒலியுடன் கலந்து பதிவாகும். இவ்வாறு ஒவ்வொரு சுரமும் தன் நிழல்களுடன் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே செல்லும். பொறிகளைப் பூட்டிவிட்டபின் இசைஞருக்கு அதிகம் வேலையில்லை. இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு: பொறிகள் எப்படிப் பூட்டப்பட்டன என்பதைக் காட்டும் வரைபடம் தட்டின் உறையிலேயே அச்சிடப்பட்டிருந்தது. தன் தொழிலின் இரகசியத்தை வாங்குபவனின் கையிலே கொடுக்கும் கலைஞர் எத்தனை பேர்? இசை பிறவிப்பேறு, தெய்வக் கடாட்சம் என்ற பழைய மயக்கத்துக்கு இவ்வரைபடம் ஒரு நல்ல மறுப்பு.

1978இல் ‘விமான நிலையங்களுக்கான இசை’ என்ற தொகுதி வந்தது. ஜேர்மனியின் கொலோன் விமான நிலையத்தில் ஒரு காலைப்பொழுதைக் காத்துக் கழித்தபோது, கட்டடத்தின் அழகுக்கும் அங்கு ஒலித்த மலிவான இசைக்கும் இருந்த பொருத்தமின்மையே இத்தொகுதிக்குத் தூண்டுகோலாயிற்று என்று அவர் கூறியுள்ளார். நான்கு ஆக்கங்கள், அவற்றுக்குப் பெயர்கூட இல்லை. பக்கமும் வரிசையும் சுட்டும் எண்கள் மாத்திரமே. முதலாவதில் பியானோவை வாசித்தவர் றொபேட் வயட். விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னும் இசையை விடாதவர். பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். சூழல் இசை என்றாலே பணக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது ஆக்கமே இத்தொகுதியின் உயிர் என்பது என் கருத்து. அதில் கருவி எதுவும் இல்லை. மூன்று பெண்களும் ஈனோவும் ‘ஆ’ என்று ஒவ்வொரு சுரத்தையும் நீளப் பாடினர். ஒவ்வொரு சுரமும் தனித்தனி நாடாவில் வெட்டி ஒட்டப்பட்டு, முடிவில்லாத வளையம் ஆக்கப்பட்டது. வளையங்கள் மிக நீண்டவை. ஆகவே, அவற்றை ஒலிப்பதிவுக்கூடத்து அலுமினியக் கதிரைகளின் கால்களைச் சுற்றி ஓடவிட்டனர். ஒரு வளையம் ஏறக்குறைய இருபத்துமூன்றரை விநாடிக்கு ஒருமுறை சுற்றியது. இன்னொன்று இருபத்தாறு விநாடிக்கு வீசம் இரண்டு குறைவாக. மற்றொன்று முப்பது விநாடிக்கு வீசம் ஒன்று குறைவாக. ஒன்றின் அளவு மற்றொன்றிற்குள் அடங்காது. இவ்வளவுகளை அப்படியே கொண்டு கணக்கிட்டால், இந்த மூன்று வளையங்கள் மட்டும் தாம் புறப்பட்ட நிலையில் மீண்டும் ஒருங்கே சந்திப்பதற்கு ஏறக்குறைய 27 நாட்கள் செல்லும். தட்டிலே நாம் கேட்பது அந்த நெடும் பயணத்தின் ஒன்பது நிமிடத் துண்டு.

இந்தக் கணக்குக்கும் இசையின் கவர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஒரு குரல் எழுந்து அடங்குகின்றது. அடுத்தது எப்போது எழும் என்று சொல்ல முடியவில்லை. சிலவேளை இரு குரல்கள் சேர்ந்து வந்து, எவரும் திட்டமிடாத ஓர் இணக்கம் பிறக்கின்றது. சிலவேளை நெடிய மௌனம். அம்மௌனத்திலே சன்னலுக்கு வெளியே காகம் கரைந்தால் அதுவும் இசையிற் சேர்ந்துவிடுகின்றது. பொதுவாக ஒரு பாட்டு நம்மை எங்கோ இழுத்துச் செல்லும்: இதோ அனுபல்லவி, இதோ உச்சம், இதோ முடிவு. இங்கு இழுத்துச் செல்வார் எவருமில்லை. எதிர்பார்ப்பு மெல்லத் தளர்கின்றது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, எதையும் தவறவிட்டுவிடவும் முடியாது என்பதை மனம் உணரும்போது மூச்சு நிதானமடைகின்றது. நாளெல்லாம் மணியடிப்புக்கும் கால அட்டவணைக்கும் கட்டளைக்கும் ஆட்பட்டுக் களைத்த ஒருவருக்கு இது எத்துணை பெரிய விடுதலை என்பதைப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்வோருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நமது செவிக்குச் சுருதி என்பது பழக்கமானது. தம்புரா இடையறாது ஒலிக்கின்றது. அதைக் கேட்டும் கேளாமலும் இருக்கின்றோம். ஆகவே, இவ்விசையில் நமக்குப் புதிதாக என்ன உண்டு என்று சங்கீத ரசிகர் ஒருவர் கேட்கக்கூடும். வேறுபாடு உண்டு. தம்புரா பாடகருக்கு நிலம். பாடகர் வந்து கட்டடம் எழுப்புவார். ஈனோவின் இசையில் பாடகர் வருவதேயில்லை. நிலம் மட்டும் விரிந்து கிடக்கின்றது. கட்டடத்தை எழுப்புவதோ வெறுமனே உலாவித் திரும்புவதோ கேட்பவரின் விருப்பம்.

இனி நண்பர்களின் குற்றச்சாட்டுக்கு வருவோம். இதனைச் சரியாக எடைபோட வேண்டுமானால், பின்னணி இசை என்பதை யார், எதற்காக உருவாக்கினர் என்ற வரலாற்றைத் தொட்டாதல் வேண்டும்.

உழைப்பும் இசையும் பிரியாதிருந்த காலம் ஒன்றிருந்தது. நாற்று நட்டவர் பாடினர்; ஏற்றம் இறைத்தவர் பாடினர்; தோணி வலித்தவர் பாடினர். பாட்டின் வேகம் பாடியவரின் மூச்சைப் பொறுத்திருந்தது. களைத்தால் பாட்டும் மெதுவாகும். இடையிலே கங்காணியைக் கேலிசெய்யும் ஓர் அடியும் நுழையும். ஆலைகள் வந்தபோது பொறியின் இரைச்சலில் அக்குரல் அமிழ்ந்தது. அமிழாத இடங்களிலே பேச்சும் பாட்டும் அபராதத்துக்குரிய குற்றங்களாயின. பின்னர், பாட்டைத் தடைசெய்த அதே கூரையின் கீழ் ஒலிபெருக்கி வழியாக இசை இறக்குமதியாயிற்று. இப்போது பாடுபவர் தொழிலாளி அல்லர். அவருக்காகப் பாடப்படுகின்றது, உண்மையிற் சொன்னால், அவர்மீது பாடப்படுகின்றது.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், யுத்தகாலத் தொழிற்சாலைகளுக்கென ‘வேலை செய்யும்போது இசை’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கி, 1967 வரை நடத்தியது. அரைமணி நேரம் இடைவிடாத இசை. உற்பத்தியின் வேகம் குன்றாதிருப்பதே குறிக்கோள். அமெரிக்கப் பாட்டொன்று அந்நிகழ்ச்சியில் விலக்கப்பட்ட கதை சுவையானது. அப்பாட்டின் நடுவே கைதட்டல் வரும். தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார்கள், அல்லது கையிலுள்ள ஆயுதத்தால் பொறியைத் தட்டுவார்கள் என்ற அச்சமே விலக்குக்குக் காரணம். தொழிலாளி இசையைக் கேட்கலாம்; அதிற் பங்குகொள்ளலாகாது!

இன்னும் நுட்பமாக இதனைச் செய்தது அமெரிக்காவின் ‘மியூசாக்’ நிறுவனம். மின்கம்பி வழியே இசையனுப்பும் முறையை வகுத்தவர் ஜோர்ஜ் ஸ்குவையர் என்ற இராணுவத் தளபதி. 1934இல் நிறுவனத்துக்கு அப்பெயர் வந்தது. மனிதன் எந்த நேரத்திற் சோர்கின்றான் என்பதை அவர்கள் வளைகோடாக வரைந்தனர். பதினைந்து நிமிடத் தொகுதிகளாக, ஒன்றைவிட ஒன்று சற்று விறுவிறுப்பான பாடல்களை அடுக்கினர். பின்னர் சிறிது மௌனம். பின்னர் மீண்டும் ஏற்றம். முற்பகலிலும் பிற்பகலிலும் சோர்வு தலைதூக்கும் வேளையில் ஊக்கம் உச்சமடையும். கேட்பவர் இசையைக் கவனிக்கலாகாது. கவனித்தால் வேலை கெடும். பழக்கமான மெட்டுகளைச் சொற்களை நீக்கி, கூரிய முனைகளைச் சீவி, எவரையும் உறுத்தாதவாறு வழங்கினர். சவுக்கின் வேலையைப் பஞ்சு மெத்தை செய்யத் தொடங்கியது.

ஈனோ தம் தொகுதியின் குறிப்பிலே இந்த வியாபாரத்தையே நேராகச் சுட்டி விலகுகின்றார். வாடிக்கையான பின்னணி இசை ஓர் இடத்தின் தனித்தன்மையை மூடி மெழுகிவிடுகின்றது. தாம் விரும்புவதோ அத்தன்மையை மேலும் துலங்கச் செய்யும் இசை என்கின்றார். அந்த இசை ஐயத்தையும் தெளிவின்மையையும் துடைத்தெறிவது. தம் இசை அவற்றைக் காப்பது என்றும் எழுதுகின்றார். இசையைத் தளபாடம்போல இருக்கவிடும் எண்ணம் பிரெஞ்சு இசைஞர் எறிக் சத்தியிடம் முன்பே உண்டு. 1920இல் பாரிஸில் நாடக இடைவேளையிலே அவர் அதை ஒலிக்கச் செய்து, கேட்கவேண்டாம், பேசிக்கொண்டிருங்கள் என்று சபையோரை வேண்டியும், அவர்கள் பேசாமல் இருந்து கேட்டார்களாம். அது ஒரு குறும்பு. ஈனோவிடம் அது ஒரு கொள்கையாக முதிர்ந்தது.

குறிப்பை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்க நான் சொல்லவில்லை. கலைஞர் தம்மைப் பற்றிக் கூறுவது ஒன்று. கலை செய்வது இன்னொன்று. ஆனால் இங்கு கூற்றும் செயலும் ஒத்திருக்கின்றன. மியூசாக்கின் தொகுதி மணிக்கூட்டின் ஏவலாள். அதற்கு ஒரு திசையுண்டு. அத்திசை மேலதிக உற்பத்தி. நாம் மேலே கண்ட 27 நாள் வளையங்களுக்குத் திசையே இல்லை. அவை எந்த உற்பத்தி அட்டவணையிலும் பொருந்தமாட்டா. அடுத்த ஒலி எப்போது வரும் என்று அறியாத இசையை வைத்துக்கொண்டு எவரும் ஓர் ஆலையின் கைகளை விரைவுபடுத்த முடியாது.

ஜேர்மானிய அறிஞர் அடோர்னோ 1938ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், வணிக இசையினால் கேட்கும் ஆற்றலே பிற்போக்கடைந்துவிட்டது, மக்கள் சிதறிய கவனத்துடன் கேட்கப் பழகிவிட்டனர் என்று வாதிட்டார். நம் நண்பர்கள் அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவர் வாதத்தையே சொல்கின்றனர். அடோர்னோ கண்ட கேட்போர், தெரிந்த மெட்டு மறுபடி வந்ததும் அதை அடையாளங்கண்டு மகிழ்ந்தனர். பண்டத்தைக் கண்ட வாடிக்கையாளரின் மகிழ்ச்சி அது. குரல்வளைய ஆக்கத்தில் அடையாளங்காண என்ன இருக்கின்றது? வீடு செல்லும் வழியிலே முணுமுணுக்க ஒரு வரியும் மிஞ்சாது. கவனம் சிதறுவதும் கவனம் தளர்வதும் ஒன்றல்ல. சிதறிய கவனத்தை விற்பனைக்காரன் எளிதிற் பிடித்துவிடுவான்; தளர்ந்த கவனம் மீண்டும் தன் வசப்படுகின்றது.

இன்னொரு பழைய நூலையும் இங்கு நினைவுகூரலாம். மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க் 1880இல் ‘சோம்பியிருக்கும் உரிமை’ என்ற பெயரிலே ஒரு நூல் எழுதினார். தொழிலாளர் வேலையை மட்டும் உரிமையாகக் கேட்பது மடமை, ஓய்வையும் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். 1886இல் சிக்காக்கோவிலே இரத்தம் சிந்தியது எட்டு மணி நேர வேலைநாளுக்காக. ஓய்வும் தன்வயமான பொழுதும் அக்கோரிக்கையின் மறுபாதி. ஓய்வு நாடும் கலையை எல்லாம் தப்பியோடும் கலை என்று ஏசுபவர், அந்தப் பாதியை மறந்தவராவர். தன் களைப்பை உணராத உழைப்பாளி தன்மீது நிகழும் சுரண்டலையும் உணரமாட்டார். அமைதியான ஒரு மணி நேரத்திலேதான் பலருக்கு உடல் எவ்வளவு நொந்திருக்கின்றது என்பது தெரியவருகின்றது.

இவ்வளவும் சொன்னபின், ஈனோவின் குறைபாட்டை மறைப்பது நேர்மையாகாது. அது அவர் தேர்ந்த இடத்திலேயே இருக்கின்றது. விமான நிலையம் என்றவுடன் அவர் மனத்தில் எழுந்த முதல் அச்சம் மரணம். விமானம் விழுந்தால் என்செய்வது என்ற நடுக்கத்தை மறைக்கும் செயற்கைக் குதூகலத்தை அவர் வெறுத்தார். இறப்பு அவ்வளவு பெரிய காரியமன்று என்று பயணி எண்ணத்தக்க இசையைத் தாம் ஆக்க விரும்பியதாக அவர் பேசியிருக்கின்றார். 1980இல் நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்து மரைன் முனையத்தில் இவ்விசை சில காலம் ஒலித்தது. அம்முனையத்திற் காத்திருந்தோருக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் காத்திருப்பதில்லை. கட்டுநாயக்காவிலே, மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் புறப்படும் பெண்ணும் விமான நிலையத்திலேதான் காத்திருக்கின்றாள். அவள் மடியிலே கடவுச்சீட்டும் கடிதங்களும், வீட்டிலே பிள்ளைகள், தலைமேலே முகவருக்குக் கொடுத்த காசுக்கான கடன். விமானம் விழுந்துவிடுமோ என்ற அச்சம் அவள் அச்சங்களின் வரிசையிற் பின்னாலே நிற்பது. குடிவரவு அதிகாரி முத்திரை குத்துவானா, போய் இறங்கும் வீட்டு எசமானி எப்படிப்பட்டவள் என்பனவே முன்னால் நிற்பவை. மரணத்தின் முன் அனைவரும் சமம் என்று ஈனோ கருதியிருக்கலாம். குடிவரவு மேசையின் முன் அனைவரும் சமமல்லர். அந்த மேசையை அவ்விசை பார்க்கவில்லை. காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதை அது மாற்றுகின்றது. யார், ஏன், யாருக்காகக் காத்திருக்கின்றனர் என்று கேட்பதில்லை. இது கலைஞரின் தீயெண்ணத்தால் வந்த குறையன்று. அவர் அமர்ந்திருந்த கதிரையின் உயரத்தால் வந்தது.

அதே குறையின் வழியாகத்தான் சந்தை உள்ளே நுழைந்தது. 2013இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரத்து மொன்ற்றிபியோரே வைத்தியசாலையில் ஈனோவின் ஒலியும் ஒளியும் கொண்ட அமைதி அறை ஒன்று நிறுவப்பட்டது. நோயாளிக்கு அமைதி தேவை என்பதில் ஐயமில்லை. 1975இன் படுக்கைக்கே இசை திரும்பி வந்தது என்று மகிழவும் செய்யலாம். ஆனால் அது ஒரு தனியார் வைத்தியசாலை. பணம் கட்டிப் படுத்தவருக்குக் கிடைத்த அமைதி அது.

இதைவிடக் கடுமையானது இணையவழி இசை வியாபாரத்தில் நடந்தது. ‘ஒருமுகப்படுத்த’, ‘உறங்க’, ‘படிக்க’ என்று தேவைவாரியாகப் பாட்டுக்கோவைகள் அடுக்கப்பட்டன. கேட்பவர் ஆக்கியோனின் பெயரைக் கவனிப்பதில்லை என்பதைக் கண்ட முதலாளிகளுக்கு மகிழ்ச்சி பிறந்தது. 2024இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையொன்று வெளியிட்ட செய்தியின்படி, அந்நாட்டு இசையமைப்பாளர் ஒருவரின் மெல்லிசைத் துண்டுகள் 650க்கும் அதிகமான பெயர்களில் ஸ்பொட்டிபை நிறுவனத்தின் கோவைகளிலே உலாவி, 1,500 கோடித் தடவைகள் ஒலித்திருந்தன. இத்தகைய கோவைகளுக்கென மலிவு விலையில், உரிமையை எழுதிவாங்கிக்கொண்டு ஆளில்லாப் பெயர்களில் இசை நிரப்பப்படும் முறையை அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெலி 2025இல் வெளிவந்த நூலிலே விரிவாக எழுதியுள்ளார். மியூசாக் கதவால் வெளியேறிச் சன்னலால் உள்ளே வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றுதான்: அன்று ஒலிபெருக்கியை முதலாளி மாட்டினார், இன்று நாமே காதிற் செருகிக்கொள்கின்றோம், மாதச் சந்தாவும் கட்டுகின்றோம். படிப்பதற்காக இளைப்பாறும் மாணவர் இளைப்பாறுகின்றாரா, இன்னும் இரண்டு மணி நேரம் தம்மைத் தாமே ஓட்டுகின்றாரா என்பது அவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஆக, ஈனோவின் தொகுதிக்கும் இந்தக் கோவைகளுக்கும் இடையே செவிக்குப் புலப்படும் தூரம் சிறிது. இரண்டும் மென்மை, இரண்டும் சொல்லற்றவை. கூர்ந்து கேட்டால் மட்டுமே, ஒன்றில் எதிர்பாராத மௌனம் இருப்பதும், மற்றொன்றில் மௌனத்தை விட்டால் கேட்பவர் கையை நீட்டி மாற்றிவிடுவாரோ என்ற அச்சம் இருப்பதும் தெரியும். இந்த வேறுபாட்டைக் கேட்டறியச் சொல்லிக்கொடுப்பது நம் வகுப்பறைகளிலும் செய்யத்தக்க வேலை. இரண்டையும் சேர்த்துக் குப்பையிலே எறிவது அதைவிட எளிது. அதனாற் பயன் முதலாளிக்கே.

ஈனோவின் அரசியலைப் பற்றியும் ஒரு சொல். அவர் ஈராக் யுத்தத்தை எதிர்த்தவர். பிரித்தானிய யுத்த எதிர்ப்பு இயக்கத்தில் நெடுங்காலமாக முன்னிற்பவர். 1995இல் மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் விண்டோஸ் வெளிவந்தபோது, கணினி விழித்தெழுகையில் ஒலித்த சில விநாடி இசை அவருடையது. உலகெங்கும் அலுவலகங்களில் வேலைநாள் அந்த ஒலியுடன் தொடங்கிய காலம் இருந்தது. ஓய்வின் இசைஞர் வேலையின் மணியையும் அடித்துக்கொடுத்தார் என்று நாம் நகைக்கலாம். 2025 மே மாதத்தில் அவர் அந்நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இஸ்ரேலிய அரசுக்கும் இராணுவத்துக்கும் சேவை வழங்குவதைக் கண்டித்து, அந்தச் சில விநாடிகளுக்காகத் தாம் பெற்ற ஊதியத்தைக் காஸாவில் பாதிக்கப்பட்டோருக்கு வழங்குவதாக அறிவித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் லண்டன் வெம்பிளியில் பாலஸ்தீன மக்களுக்காக நடந்த பெருங் கச்சேரியை ஒழுங்குசெய்தோருள் முதன்மையானவரும் அவரே. இவை போற்றத்தக்க செயல்கள். ஆனால், இவற்றைக் காட்டி அவர் இசைக்கு நற்சான்றுப் பத்திரம் வழங்குவது விமர்சனமாகாது. நல்ல குடிமகன் மோசமான இசையமைக்கலாம், மறுதலையும் உண்டு. அவர் இசை நிற்பதும் விழுவதும் அந்த நாடா வளையங்களின் பலத்தில்தான்.

அந்தப் பலத்தை அறிய விரும்புவோர், 1998இல் ‘பாங் ஒன் எ கான்’ என்ற நியூயோர்க் இசைக்குழு செய்ததைக் கேட்டுப்பார்க்க வேண்டும். பொறியின் வளையங்களாக இருந்த ‘விமான நிலையங்களுக்கான இசை’யை நால்வர் பகுத்தெழுதினர், கிளாரினெட்டும் செலோவும் பியானோவும் பிறவும் கொண்டு மனிதர் அதை முழுமையாக வாசித்துப் பதிவு செய்தனர். நாடா களைப்பதில்லை, கிளாரினெட் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். திசையற்று மிதப்பதுபோல் ஒலிப்பதற்காக வாசிப்பவர் ஒவ்வொருவரும் நிறுத்தங்களை எண்ணியபடியே இருக்க வேண்டும். பிறர் இளைப்பாறுவதற்காக ஒரு மேடை முழுவதும் உழைக்கின்றது. ஈனோவின் தட்டிலே கதிரைக் கால்களைச் சுற்றி ஓடிய நாடாவுக்குப் பின்னால் மறைந்திருந்த மூன்று பெண்களின் மூச்சு, இந்த வாசிப்பிலே மறுபடி கேட்கின்றது.